மெட்டுக்கு அப்பால் ஒரு கட்டம்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கமிஷன் கடையொன்றில் தட்டச்சு செய்துவந்த பாண்டியம்மாள், நாற்பதை நெருங்கிய பின்னும் மலையுச்சிக் கணவாயான போடிமெட்டைக் கண்டவள் அல்லள். மலைச்சாலையின் முதல் வளைவுகள் கடைச் சன்னலில் தெரியும். அதற்கு மேல் மேகம். மணம் கைகூடாத தங்கையை வேலைக்கு விடச் சம்மதித்த அண்ணன் ஜக்கையன், கடை, கோயில், வீடு இவற்றுக்கு அப்பால் அவளுக்கு வேறோர் இடம் வகுக்கவில்லை.

அவளுக்கோ ஒரு நாவல் எழுதி முடிக்க வேண்டும். அதன் தலைவி மருதாயி, விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டம் சென்று அந்தியில் இறங்கும் கூலிப்பெண். ஒருநாள் அவள் இறங்காமல் மெட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும், அதுவே கதை. எப்படித் தொடங்கினாலும் அந்தி ஜீப்பு மருதாயியைக் கொணர்ந்து போடியிலேயே இறக்கிவிட்டது.

எண்பத்தெட்டாம் ஆண்டு தை பிறந்ததும் முதலாளி சீனிச்சாமி கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குத் தூசி ஆகாதாம். சன்னலற்ற சரக்கறையொன்று வெள்ளையடிக்கப்பெற்று அதன் கருவறை ஆயிற்று. செருப்பு வாசலோடு நின்றது. திரைக்குக் குங்குமம் இட்டு, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாண்டியம்மாளின் நாற்காலியும் சன்னலை விட்டு உள்ளே போயிற்று.

மதுரைக் கம்பெனியிலிருந்து வந்த காமராஜ் இரண்டு பிளாப்பிகளை நீட்டினார்.

"இந்தப் புரோகிராம் கடுதாசி எழுத. இது கட்டம் போட்டுக் கணக்குப் பாக்க. ரெண்டையும் ஓட்டிப் பாருங்கக்கா, அடுத்த வாரம் வர்றேன்."

"ஒண்ணுதான் வாங்குவேன்" என்றார் முதலாளி. "எதுன்னு நீயே சொல்லு ஆத்தா. அந்தச் சனியன் கண்ணச் சிமிட்டுறதப் பாத்தாலே எனக்குத் தல சுத்துது."

கடை ஓய்ந்த உச்சிப்பொழுதுகளில் அவள் கடிதப் புரோகிராமைத் திறந்தாள். தமிழெழுத்து அதில் இல்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்து அத்தியாயச் சுருக்கங்களை இட்டாள். முன்பெல்லாம் ஒன்றை இடம் மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும். இங்கே ஓர் அத்தியாயத்தை வேரோடு பெயர்த்து வேண்டிய இடத்தில் நடலாம். கடைசி அத்தியாயத்தைத் தூக்கி முதலில் வைத்தாள். 'மருதாயி போய்விட்டாள்' என்று கதை தொடங்கிற்று. அன்று அவள் வாய்க்குள் திருவாசகம் முணுமுணுத்தபடி வீடு சென்றாள்.

பிறகு கட்டப் புரோகிராம். பள்ளியிற் கற்ற அகப்பொருள் இலக்கணம் நினைவுக்கு வந்தது. இடம், காலம், கருப்பொருள், உரிப்பொருள் என நான்கு தலைப்பிட்டு, அத்தியாயத்துக்கு ஒரு வரிசையாக நிரப்பினாள். மலைக்கு உரியது கூடல் என்பர் முன்னோர். அவளுடைய உரிப்பொருள் பத்தியிலோ மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: இருத்தல், இருத்தல், இருத்தல். இறுதி வரிசையில் மட்டும் 'பிரிதல்' என்று அடித்தாள். உடனே பக்கத்துக் கட்டங்கள் வாய் திறந்து நின்றன. மெட்டுக்கு அப்பால் என்ன மரம்? எந்தப் பறவை? காற்றில் என்ன வாசம்? 'போய்விட்டாள்' என்ற ஒற்றைச் சொல்லை எங்கே என்று கேளாமலே ஏற்றுக்கொண்டிருந்தது, கடிதப் புரோகிராம்.

மறுநாள் விடியலில், கோயிலுக்கென்று புறப்பட்டவள் ஜீப்பு நிறுத்தத்தில் போய் நின்றாள். தோட்டப் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர்.

"ஏறு ஆத்தா, எடமில்லேன்னா எம் மடியில உக்காரு" என்றாள் சுந்தரம்மாள் என்பவள். ஜீப்பே சிரித்தது.

பாண்டியம்மாள் படியில் காலை வைத்தாள்.

ஓட்டுநர் கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். "ஜக்கையண்ணன் தங்கச்சியில்ல? அண்ணன்கிட்டச் சொல்லிட்டியா தாயி?"

அவள் ஜீப்புக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"சொல்லாம ஏத்துனா என் டயரக் கொளுத்திப்புடுவாரு. கேட்டுட்டு வா, நாளைக்கு முன்சீட்டே தர்றேன்."

நாளை என்று ஒன்று இல்லையென்பது அவளுக்குத் தெரியும். காலை எடுத்துக்கொண்டாள். ஜீப்பு முதல் வளைவில் மறைந்தது.

கடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இறுதி வரிசையின் 'பிரிதலை' அழித்தாள். இடம்: ஜீப்பு நிறுத்தம். காலம்: விடியல். கருப்பொருள்: டீசல் புகை, தூக்குவாளி, பெண்களின் சிரிப்பு. உரிப்பொருள்: படியில் வைத்த கால். முதன்முறையாக அந்தப் பத்தியில் 'இருத்தல்' அல்லாத, பொய்யும் அல்லாத ஒன்று நின்றது.

சொன்னபடி காமராஜ் வந்தார். "எந்தப் புரோகிராம்க்கா?"

"கட்டம் போட்டது."

"அதச் சொல்லு! ஏவாரிக்குக் கணக்குத்தானே சோலி" என்று முதலாளி தொடையைத் தட்டினார். "இனி இந்த ரூமே ஒன்னோடதுதான், ஆத்தா. அந்தச் சன்னல் எடத்துல மூட்டை அடுக்கிக்கிர்றேன்."

காமராஜ் மற்றப் பிளாப்பியைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். "அக்கா, இதுல என்னமோ நெறைய அடிச்சு வச்சிருக்கீங்களே. வேணுமா?"

'மருதாயி போய்விட்டாள்' என்பது திரையின் உச்சியில் பச்சையாய் ஒளிர்ந்தது.

"அவ இன்னும் போகல தம்பி. அழிச்சிருங்க."