இரவல் பிளாஷும் ஆறாம் விதியும்

செந்துறைக் கடைவீதியில் கவியா ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் படம்தான் என்றாலும் ராசாங்கம் காலரைச் சரிசெய்வார், தோளை நேராக்குவார், "மோவாயைத் தூக்குங்க" என்று நாலு தடவையாவது சொல்வார். முதியோர் பென்ஷனுக்குப் படம் எடுக்க வந்த பச்சையம்மாள், "பென்சன் குடுக்கறவன் என் மோவாயவா பாக்கப் போறான்" என்று கேட்டதை எங்கள் சங்கத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

நான் வைரக்கண்ணு, பெரம்பலூரில் கல்யாண வீடியோ எடுப்பவன். ராசாங்கத்தை எனக்குத் தொண்ணூற்றைந்திலிருந்து தெரியும். அடுத்தவர் காட்டில் கடலை பிடுங்கி, முந்திரிக்கொட்டை பொறுக்கிப் பிழைத்த வீட்டுப் பிள்ளை. திருச்சியில் ஒரு கலர் லேபில் ஆறு வருடம் இருட்டறையில் நின்றுவிட்டு, ஒரு பழைய கேமராவோடு ஊருக்கு வந்து மகள் பெயரில் கடை போட்டார். மனைவி கொளஞ்சியம்மாள் ஆல்பம் ஒட்டினால் ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாது. ஜோடிப் பொருத்தம் அப்படி.

எங்கள் போட்டோ, வீடியோ கலைஞர்கள் சங்கத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல். இரண்டாயிரத்தில் ஜெயித்தவர் ஓட்டுக்கு முந்தின வாரம் டவுன் கடைக்காரர்களுக்கெல்லாம் பிரியாணியும் ஆளுக்கொரு பேட்டரி செட்டும் கொடுத்தார். செந்துறைப் பக்கம் அவர் வண்டி வரவே இல்லை. அங்கே இருக்கிறவர்களை யார் கணக்கில் எடுப்பது என்று யாரிடமோ சொன்னாராம். அது ராசாங்கத்தின் காதுக்கு வந்தது. பேட்டரிக்காக அவர் வருத்தப்படவில்லை. ஆள் கணக்கிலேயே தான் இல்லை என்பதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அதனால் 2003 தேர்தல் வந்தபோது, பிரச்சாரத்துக்கு விதி வேண்டும் என்று எழுந்து நின்றார். வேலை மெனக்கெட்டு யார் எழுதுவது என்று எல்லோரும் முழிக்க, கடைசியில் அவரையே எழுதச் சொல்லி, தேர்தல் அதிகாரியாகவும் ஆக்கிவிட்டோம். அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்த நேரம் அது. உறுப்பினர்கள் எண்பத்திரண்டு பேர். ராசாங்கம் டிவிஎஸ் 50-இல் போய் எண்பத்திரண்டு பேரிடமும் விதித்தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். விருந்து கூடாது, எதிராளியின் தொழிலைக் குறை சொல்லக் கூடாது, இரண்டு பேருக்கும் ஒரே அளவு நோட்டீஸ், எந்தக் கடைக்கும் ஒரு தடவைக்கு மேல் ஓட்டுக் கேட்டுப் போகக் கூடாது. ஆறாவது விதிதான் கடுமை. வேட்பாளர் எந்த உறுப்பினருக்கும் எந்தப் பொருளும் தரக் கூடாது, இரவலாகக்கூட. தந்தால் போட்டியிலிருந்து நீக்கம்.

போட்டியிட்டவர்கள் இருவர். அரியலூரில் ஏசி வைத்த ஸ்டுடியோ நடத்தும் கிருஷ்ணமூர்த்தி ஒருவர். இன்னொருவர் லப்பைக்குடிக்காடு ஜபருல்லா. ராசாங்கத்துக்கு உயிர்ச் சிநேகிதர். அண்ணன் அப்துல் சலாம் துபாயிலிருந்து அனுப்பிய பிளாஷ் ஒன்று ஜபருல்லாவிடம் இருந்தது. அடித்தால் மண்டபமே வெளுத்துவிடும்.

ஆவணி முகூர்த்தம் வந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் அன்று மட்டும் பதினோரு கல்யாணம். ராசாங்கம் ஒரு ஜோடிக்கு, பக்கத்து ஜோடிக்கு ஜபருல்லா. கெட்டிமேளம் முழங்கப் போகிற நேரம் பார்த்து ராசாங்கத்தின் பிளாஷ் கண்ணை மூடிக்கொண்டது. தட்டினார், ஊதினார், பேட்டரியை மாற்றினார். அசையவில்லை. மாப்பிள்ளை கையில் தாலி. பக்கத்து ஜோடிக்குத் தாலி ஏறி முடிந்திருந்தது. ஜபருல்லா தன் பிளாஷைக் கழற்றி நீட்டினார்.

ராசாங்கம் கையை நீட்டவில்லை. "பாய், ஆறாவது விதி."

"அண்ணே, விதி காத்திருக்கும். தாலி காத்திருக்காது. புடிங்க."

வாங்கிவிட்டார். படம் பிரமாதமாக வந்தது. மனிதருக்குத்தான் அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. வெளியே சொன்னால் சிநேகிதர் போட்டியிலேயே இருக்க முடியாது. சொல்லாவிட்டால் தன் கையெழுத்துக்கு என்ன மரியாதை? மூன்றாம் நாள் ஜபருல்லாவையே தேடிப் போய், சபையில் சொல்லப் போவதாகச் சொன்னார். யாரும் பார்க்கவில்லையே, விட்டுவிடுங்கள் என்றார் அவர்.

"நான் பாத்தேன்ல பாய்," என்றார் ராசாங்கம்.

"அப்ப சொல்லிடுங்கண்ணே" என்றாராம் ஜபருல்லா.

ஓட்டு நாளன்று பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் கூடியிருந்தோம். ஓட்டுச்சீட்டை எடுப்பதற்கு முன்னால் ராசாங்கம் மைக்கைப் பிடித்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். விதிப்படி ஜபருல்லாவை நீக்க வேண்டும் என்று முடித்தார்.

எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. அதே முகூர்த்தத்தில் கிருஷ்ணமூர்த்தியிடம் நான் சார்ஜர் வாங்கியிருந்தேன். எழுந்து சொல்லிவிட்டேன். பின்னால் ஒருவர் பிலிம் ரோல் வாங்கியதாகச் சொன்னார். அப்புறம் ஸ்டாண்டு, லைட்டு, வயர் என்று வரிசையாக எழுந்தார்கள். கிருஷ்ணமூர்த்தியே சிரித்துக்கொண்டு எழுந்து, அந்த ஒரு நாளில் மட்டும் தான் தந்தது ஏழு பேருக்கு என்றார். முகூர்த்த நாளில் இரவல் இல்லாமல் எங்கள் பிழைப்பு ஓடாது. அது தெரிந்த எண்பத்திரண்டு பேரும்தான் அந்த விதிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தோம். பிரச்சாரம் தொடங்கியதிலிருந்து இரண்டு வேட்பாளரிடமும் இரவல் வாங்கியவர்களை எண்ணிப் பார்த்ததில் அறுபத்து மூன்று பேர் குற்றவாளிகள். மிச்சப் பேரில் நாலைந்து பேருக்கு யாரும் இரவல் தருவதில்லை, வாங்கினால் திருப்பித் தராத புண்ணியவான்கள்.

இப்படிப் பார்த்தால் இரண்டு வேட்பாளரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மண்டபமே சிரித்தது. ராசாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. விதியை நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, அங்கேயே பேனாவை எடுத்தார். இரவல் தரலாம், ஆனால் கேட்கிறவர் யார் பக்கம் என்று பார்க்காமல் தர வேண்டும், தந்ததைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது. எண்பத்திரண்டு கைகளும் உயர்ந்தன.

ஆனால் தன் ஓட்டுச்சீட்டை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய விதி இருந்தபோது தெரிந்தே மீறியவன் நான், அதனால் எனக்கு ஓட்டு இல்லை என்றார். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கேட்கிற ஆளா?

எண்ணி முடித்ததும் முடிவை அவரே அறிவிக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணமூர்த்தி நாற்பத்தொன்று. ஜபருல்லா நாற்பது. ராசாங்கத்தின் ஓட்டு யாருக்குப் போயிருக்கும் என்று அந்த மண்டபத்தில் தெரியாதவர் இல்லை. மைக்கை வைத்துவிட்டுத் தலை குனிந்தபடி நின்றார்.

குரூப் போட்டோவுக்கு எல்லோரும் நின்றோம். ராசாங்கம் கடைசி வரிசையில் போய் ஒளிந்தார். ஜபருல்லா கேமராவில் அந்தத் துபாய் பிளாஷை மாட்டிக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்து முன்வரிசைக்கு நடுவில், புதுத் தலைவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். காலரைச் சரிசெய்தார். தோளை நேராக்கினார்.

"மோவாயைத் தூக்குங்கண்ணே," என்றார்.

அந்தப் படம் இன்றைக்கும் கவியா ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லோரும் சிரிக்கிறோம். நடுவில் ஒருவர் மட்டும் மோவாயைத் தூக்கிக்கொண்டு, கண் கலங்கி நிற்கிறார்.