வட்டவளையில் ஒரு புது ஏசி

வட்டவளையில், தேயிலை மலைக்குக் கீழே, படுக்கையும் அடுப்புமாக நாங்கள் ஊர் சுற்றும் வேன் கூரையில் ஓட்டையோடு நிற்கிறது. பழைய ஏசியை மெக்கானிக் நசீர் இப்போதுதான் கழற்றி இறக்கியிருக்கிறார். போகிறவர்கள் சிரிக்கிறார்கள். இந்தக் குளிரில் ஏசியா? நாளை நாங்கள் மன்னாருக்கு இறங்குகிறோம் என்பதோ, வைத்தியத்துக்குப் பிறகு என் மனைவி மாலாவுக்குச் சூடு துளியும் ஒத்துக்கொள்வதில்லை என்பதோ அவர்களுக்குத் தெரியாது.

புதியதைத் தூக்குவதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. ஓட்டை வழியாக, வேனுக்குள் படுத்திருக்கும் மாலாவின் மேலேயே கொட்டுகிறது.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் ஒரு பெண் நின்று பார்க்கிறார். மழைக்காக இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கை அவிழ்த்து, கூரைமேல் நிற்கும் நசீரிடம் எறிகிறார்.

"இதப் போட்டு மூடுங்க தம்பி."

"நீங்க நனைஞ்சிருவீங்களே அக்கா?" என்கிறார் நசீர்.

"நமக்கு மழ புதுசா? உள்ள ஆளு படுத்திருக்காங்கல்ல."

மாலா எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கிறாள். "கால் பூரா சேறுங்கம்மா" என்று அவர் வேன் படியிலேயே தயங்குகிறார்.

"பரவாயில்லை அக்கா, உள்ள வாங்கோ."

மழை விட்டதும் நசீர் புது ஏசியைப் பூட்டி ஜெனரேட்டரைப் போடுகிறார். "குளிருதான்னு பாருங்க." ரிமோட் மாலாவின் கையில் இருக்கிறது. பக்கத்தில் அந்த அக்கா சேலை நுனியைப் பிழிந்தபடி நடுங்குகிறார்.

மாலா ஏசியைச் சூடான காற்றுக்கு மாற்றுகிறாள்.

சற்று நேரத்தில் அவள் நெற்றியெல்லாம் வியர்வை. நான் ரிமோட்டுக்குக் கை நீட்டுகிறேன்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்கிறாள். "அக்கான்ர சீலை காயட்டும்."