கண்ட்ரோல் குரூப்

பெற்றோரிடம் ‘கண்ட்ரோல்’ என்ற சொல்லை இப்போதெல்லாம் நான் உச்சரிப்பதே இல்லை. அதற்கு ஒருவர்தான் காரணம்.

பாசிர் கூடாங் தொழிற்சாலைச் சீருடையோடு வருவார். காலில் கனத்த பூட்ஸ். அவருடைய வலது கை எந்நேரமும் ஏழு வயது மகளின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும்.

பிள்ளைகளின் இதயம் எப்படி வளர்கிறது என்ற ஆராய்ச்சி ஒன்றுக்காக மலேசியாவின் ஜொகூர் பாரு மருத்துவமனையில் நான் ஸ்கேன் எடுக்கிறேன். நோயுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத பிள்ளைகளும் வேண்டும். அவருடைய மகள் அப்படிச் சேர்ந்தவள்.

ஒரு வருடம் கழித்து அடுத்த ஸ்கேனுக்கு வந்தபோது அவள் நன்றாகப் பருத்திருந்தாள்.

“பிள்ள வெளையாடுறதில்லையாண்ணே?”

“விடுவேனா மிஸ்ஸி? ஓடக்கூடாது, சைக்கிள் கூடாது. ஸ்கூல் விட்டா வீடுதான், வாசல் கேட்ட பூட்டிருவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வெளையாடுறத ஜன்னல்ல பாக்குறதோட சரி.”

பெருமையாகத்தான் சொன்னார்.

“ஏண்ணே அப்படி?”

“நீங்கதானே மொத நாளே சொன்னீங்க, இவ கண்ட்ரோல் குரூப்புன்னு. நல்லா கண்ட்ரோல் பண்ணி வச்சிருக்கேன் லா.”



“அண்ணே, இவளுக்கு ஒண்ணுமே இல்ல. நோயில்லாத பிள்ளைங்களுக்குத்தான் அந்தப் பேரு. தாராளமா ஓடலாம்.”

அவர் மகளின் மணிக்கட்டை விட்டார். எதிரே நீண்ட நடைபாதை காலியாகக் கிடந்தது.

“ஓடும்மா,” என்றார்.

அவள் ஓடவில்லை. அவருடைய கையைத் தேடி எடுத்து, தன் மணிக்கட்டை அதற்குள் திரும்பவும் வைத்துக்கொண்டாள்.