அம்மா எடுத்த கல்லில் ஒரு புள்ளி

அந்த வைரத்தை நான் மைக்ராஸ்கோப்பில் வைத்திருக்கவே கூடாது.

பெங்களூரு மர்பி டவுனில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். போர்டில் எது எரிந்திருக்கிறது, எங்கே சால்டர் விட்டிருக்கிறது என்று பார்க்க எங்கள் கடையில் ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதன் அடியில் வைத்துப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். எறும்பு, உப்பு, என் நகம். அப்படித்தான் தங்கச்சியின் கல்லையும் வைத்தேன்.

அது அம்மா எடுத்த கல். தங்கச்சி கல்யாணத்துக்கு வைர மூக்குத்தி போட்டே ஆக வேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். அம்மாவின் மூக்கில் கடைசிவரை இருந்தது வெறும் வெள்ளைக்கல். டயாலிசிஸ் முடிந்த மறுநாள், "இன்னிக்கு கால்ல கொஞ்சம் தெம்பு இருக்குது, வா" என்று ஆட்டோவில் என்னைக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் கூட்டிப் போனாள். நகைக்கடையில் தட்டில் கொட்டியதில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தாள். கடைக்காரர் பதறிப் பின்னாலேயே ஓடினார். வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றாள். அட்வான்ஸ் கொடுத்துத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னோம். மூன்று வாரத்தில் அம்மா போய்விட்டாள்.

நாலு மாதம் கழித்து, கல்யாணம் நெருங்கியபோதுதான் போய் வாங்கி வந்தேன்.

எங்களில் வைரத்தை உடனே மூக்குத்தியில் பதிக்க மாட்டார்கள். மூன்று நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பார்ப்பார்கள். கெட்டது நடக்காவிட்டால் கல் ஒத்துக்கொண்டது. நடந்தால் கடைக்காரரே மாற்றித் தருவார். அந்த மூன்று நாளும் அத்தை, அப்பாவின் தங்கை, பிரேசர் டவுனிலிருந்து காலையும் மாலையும் போன் செய்தார்.

"ஏதாச்சும் ஆச்சாடா?"

"கேஸ் தீந்துடுச்சு அத்த."

"அதெல்லாம் இல்ல. பெருசா ஏதாச்சும்?"

அம்மா செத்த வீட்டில் இன்னும் பெரிதாக என்ன ஆக வேண்டும் என்று கேட்க வாய் வரை வந்தது.

மூன்று நாள் முடிந்ததும் கல்லைப் பதிக்கக் கொடுக்க சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியில் என் கடைக்குள் நுழைந்ததுதான் தப்பு. லென்ஸில் முதலில் ஒரே வெளிச்சம். பிறகு ஓரத்தில் மிளகுத்தூள் மாதிரி ஒரு கறுப்பு. ஊதினேன், துணியால் துடைத்தேன், போகவில்லை. உள்ளே இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். போட்டோ எடுத்து, "இது தூசியா?" என்று கேட்டு குடும்ப குரூப்பில் போட்டேன். அத்தனை பெரிதாக்கிய படத்தில் அது கரப்பான்பூச்சி சைஸுக்குத் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் அத்தை என் கடை வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"காக்கா கால் மாதிரி இருக்குதுடா. தோஷம். இந்தக் கல்லு மேல கை வெச்சு மூணே வாரத்துல அண்ணி போய்ட்டாங்க. யோசிச்சுப் பாரு."

"அம்மாவுக்கு ரெண்டு வருஷமா கிட்னி இல்ல அத்த. கல்லை அப்புறம்தான் பாத்துச்சு."

"நீ ரொம்பப் படிச்சவன். பேசாத. இன்னிக்குள்ள மாத்தணும்."

அப்பாவுக்குப் போன் செய்தேன். "என்னமோ பண்ணுங்க" என்றார். நாலு மாதமாக எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்கிறார். தங்கச்சி போனில் அழுதாள். "அம்மா தொட்ட கல்லுண்ணா. ஆனா அத்த மண்டபம் பூரா சொல்லிடும். மாமியார் வீட்ல நாளைக்கு எது நடந்தாலும் என் மூக்கத்தான் காட்டுவாங்க. நீயே பாத்து முடிவு பண்ணு." எல்லோரும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அத்தையோடு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சும்மா பாத்தா தெரியாது சார். கல்லோட குடுத்த கார்டுலயே எழுதியிருக்கே, நோடி, பாருங்க."

"அது இங்கிலீஷ்ல இருக்கு."

"வேற எதுல இருக்கும் சார்?"

புள்ளியே இல்லாத இன்னொரு கல்லை எடுத்து, இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே எடை, ஒரே சைஸ். அத்தை நன்றாகப் பார்க்கக் குனிந்தார். அவர் ஹேண்ட்பேக் தட்டில் இடித்தது. இரண்டு கல்லும் உருண்டு ஒரு மூலையில் போய் நின்றன.

எது அம்மாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வெயிலில் பிடித்துப் பார்த்தபோது பக்கத்தில்தான் நின்றேன். தெரியவில்லை.

"இதுக்குப் போய் ஏன்டா முழிக்கிற? இதான் நல்ல கல்லு. பாத்தாலே தெரியல? எப்படி டால் அடிக்குது பாரு" என்று அத்தை ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"மேடம், கை வெக்காதீங்க" என்றார் கடைக்காரர்.

நான் லென்ஸை வாங்கினேன். அத்தை காட்டாத கல்லை முதலில் பார்த்தேன். சுத்தம். உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டாவதைப் பார்த்தேன். ஓரத்தில் அந்த மிளகுத்தூள். எனக்கு மூச்சு வந்தது.

"அத்த, நீ டால் அடிக்குதுன்னியே, இதான் தோஷக் கல்லு."

அத்தை லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"இதையே பதிச்சுக் குடுங்க" என்றேன்.

"உங்க அம்மா பிடிவாதம் அப்படியே வந்திருக்குது உனக்கு" என்றார் அத்தை. திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் போட்டோவை குரூப்பிலிருந்தும் என் போனிலிருந்தும் எரிச்சலில் அழித்தேன்.

தங்கச்சி அந்த மூக்குத்தியோடுதான் தாலி கட்டிக்கொண்டாள். அத்தை மண்டபத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆசீர்வாதம் பண்ணும் சாக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் மூக்குக்கு நேராக இரண்டு நிமிடம் நின்றார். பின்னால் வரிசை நின்றுபோனது.

போன வாரம் அத்தையின் போன் ஹேங்க் ஆகிறதென்று என்னிடம் வந்தது. மெமரி முழுக்கக் குப்பை. குட் மார்னிங் படமாக நூற்றுக்கணக்கில் அழித்துக்கொண்டே வந்தேன். நடுவில் அந்தக் கறுப்புப் புள்ளி போட்டோ வந்தது. அதை மட்டும் விட்டேன். அழிப்பதற்குப் பதிலாக என் போனுக்கு ஒன்று அனுப்பிக்கொண்டேன்.