கண் படாத சக்கரம்

என் பழைய பைக்கின் அலுமினியச் சக்கரங்களை முதலமடை வீட்டு வாசலில் மூன்று நாள் உப்புத்தாளால் தேய்த்து, பாலீஷ் போட்டு, முகம் பார்க்கும்படி ஆக்கினேன். ஞாயிறன்று பாலக்காட்டில் பைக்குகளின் அழகுப் போட்டி. பரிசோடு படம் எடுக்கச் சட்டைகூடத் தேய்த்து வைத்தாயிற்று.

கிளம்பும் காலையில் குளித்துவிட்டு வந்தால், இரண்டு சக்கரங்களிலும் அம்மா எலுமிச்சம்பழத்தைக் குங்குமத்தோடு பிழிந்துவிட்டிருந்தார்.

"ஏனுங்ம்மா, புளிப்புப் பட்டா மினுக்கம் போயிருமுங்க!"

"இப்படி மினுக்குனா ஊர்க்கண்ணு படாதா சாமி?"

அவசரமாகத் துடைத்தேன். குங்குமம் போனது, வெளிறிய திட்டுகள் போகவில்லை.

போட்டியில் என் பைக்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அம்மாவுக்கு முகமெல்லாம் நிம்மதி.

"பாத்தியா, ஒருத்தரு கண்ணும் படலை!"