கூழ் புளிக்காத தண்ணீர்

கன்னியம்மாளுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். ஈ உட்கார்ந்த பலாச்சுளையைத் தொடமாட்டாள். பிறர் வாய் வைத்த சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்க்காமல் உள்ளே எடுக்கமாட்டாள். ஊரில் அவளுக்குச் சுத்தக்காரி என்றே பேர். புதூர்நாட்டுப் பக்கம் இருந்த அந்தச் சிற்றூரின் தண்ணீர்த் தொட்டிக்கு அவளைத்தான் ஆபரேட்டராகப் போட்டார்கள். புருஷன் போனபிறகு அவளுக்கும் மகள் சுவேதாவுக்கும் அந்த வேலைதான் சோறு.

மோட்டார் போட வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும், தினமும் கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஆனால் தொட்டிக்குள் வழுவழுவென்று படிந்த பாசியை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. அதனால் தினப்படிப் பவுடரைச் சேர்த்துவைத்து, என்றைக்காவது மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் மொத்தமாகக் கொட்டிவிட்டு இறங்குவாள். நல்ல சுத்தம்!

அங்கே கேழ்வரகுக் களியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் புளித்தபின் கரைத்துக் குடிப்பார்கள். மருந்து நெடியடித்த அந்தத் தண்ணீரில் களி புளிக்கவே இல்லை.

"இன்னாடி இது, கூழா பினாயிலா? இனிமே பவுடர் போட்ட, உன் வேலைய காலி பண்ணிடுவேன்" என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள் பக்கத்து வீட்டு மங்கம்மாள். ஊரும் ஒத்து ஊதியது.

கன்னியம்மாளுக்கோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று. பவுடரையும் நிறுத்தினாள், ஏறுவதையும் நிறுத்தினாள். கடைசியாகக் கொட்டிவிட்டு இறங்கிய அவசரத்தில் தொட்டியின் மூடியைப் போடாமல் வந்தது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

எட்டாவது படிக்கும் சுவேதா ஒருநாள் பள்ளியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். ஜெயசுதா டீச்சர் மைக்ராஸ்கோப் காட்டியிருந்தார்.

"யம்மா, வெங்காயத் தோல்ல செங்கல் அடுக்குன மாதிரி செல்லு செல்லா கீது. நம்ம உடம்புல கோடி கோடி செல்லு. பாக்டீரியாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான், அதுல உட்கரு கூட கெடையாது. தின்னும், ரெண்டாப் பிரியும், அது நாலாப் பிரியும்."

"ச்சீ! சாப்புடற நேரத்துல இன்னா பேச்சு?"

"நீ குடிக்கிற கூழுலயும் அது கீதும்மா. அது மாவைத் தின்னு அமிலம் வுடுது, அதான் புளிப்பு."

கன்னியம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். வாயெல்லாம் ஏதோ நெளிவதுபோல் இருந்தது.

"அது நல்லதும்மா. கெட்டதும் கீது, பேதி புடுங்க வெக்கும். பவுடருக்கு நல்லது கெட்டது தெரியாது. நீ மொத்தமா கொட்டுனதுல நல்லதும் செத்துப் போச்சு. தெனம் அளவா போட்டு, கூழுத் தண்ணிய மட்டும் தொறந்து வெச்சிருந்தா வாடை போய்டும்னு டீச்சர் சொன்னாங்க. நம்ம தொட்டித் தண்ணிய எடுத்துக்கினு போய்ப் பாக்கட்டா?"

"ஒண்ணும் வாணாம். கைய கழுவிட்டுத் துன்னு."

அந்த வாரமே சுவேதா படுத்தாள். வாந்தி, பேதி. கண் குழிந்து, உதடு காய்ந்து, கூப்பிட்டால் திரும்பக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினார்கள். "இன்னா தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். கன்னியம்மாள் மகளுக்குத் துணையாகத் தன் தங்கையை உட்காரவைத்துவிட்டு ஊருக்கு ஓடினாள். தொட்டி மேல் ஏறினாள்.

மூடி ஒருபக்கம் கிடந்தது. உள்ளே ஓர் அணில். ஊதிப்போய், தோல் உரிந்து, மயிர் கொத்துக் கொத்தாகத் தண்ணீரில் மிதந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வரும்படி ஓங்கரித்தாள்.

யாரும் பார்க்கவில்லை. புதரில் எறிந்துவிட்டுத் தொட்டியைக் கழுவினால் வேலை தப்பும். ஆனால் நாளைக்குப் பவுடரோடு ஏறினால் மங்கம்மாள் மறுபடியும் வந்து நிற்பாள். கூழுக்காகச் சண்டை போடும் இந்த ஊர், வெறும் வாய்ப்பேச்சுக்கு மசியாது.

வெறுங்கையால் அதை அள்ளி வாளியில் போட்டாள். குடத்தோடு பெண்கள் கூடியிருந்த குழாயடிக்குக் கொண்டுபோய் நடுவில் வைத்தாள்.

"தொட்டியில கெடந்துது. மூடிய தொறந்து வுட்டவ நான்தான். என் வேலைய எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க. வர்றவங்க பவுடர் போட்டா மட்டும் தடுக்காதீங்க."

குடங்கள் உருண்டன. மங்கம்மாள் சுவரோரம் போய் வாந்தியெடுத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"த்தூ! அடிப்பாவி, ஒருநாளாவது எட்டிப் பாக்கக் கூடாது?"

"அருவருப்பா இருந்துச்சு அத்தே."

"நீயும் இந்தத் தண்ணியத்தானடி குடிச்ச?"

"குடிச்சேன்" என்றாள் கன்னியம்மாள். "எம்பொண்ணுக்கும் நான்தான் சொம்பு சொம்பா ஊத்திக் குடுத்தேன்."