பனிக்கூர்க்க இலை

மலையாள எல்லையோரம், கோழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு பிராய்லர் குஞ்சு வந்தது எழுபதுகளின் கடைசியில். கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் கறிக்கோழி கேட்கிறார்கள் என்று, மாமனார் எனக்கும் கொழுந்தன் பெண்டாட்டிக்கும் ஆளுக்கொரு கூடைக் குஞ்சு கொடுத்தார். "யாரு கோழி நல்லா வருதோ அவளுக்குத்தான் புதுக் கோழிக் கொட்டாய்" என்றார். மூத்த மருமகள் நான். கொட்டாய் எனக்குத்தான் என்று இருந்தேன்.

அவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி, எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனால் மாடு, கோழி என்றால் அந்த வீட்டில் என் சொல்தான். அப்படியிருக்க, அவள் கோழிகள் தளதளவென்று வளர்ந்தன, என்னுடையவை சளி பிடித்துக் குறுகி நின்றன. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அவள் யாரோடு சிரித்தாலும் என்னைச் சிரிப்பதுபோல் இருந்தது.

ஒருநாள் மிருகாஸ்பத்திரி டாக்டர் வழக்கமான மருந்தை அவளுக்கு மறுபடி சொன்னது வேலிக்கு இப்பால் கேட்டது.

"பனிக்கூர்க்கயுடெ இல அரிஞ்ஞு தீற்றயில் சேர்த்தால் மதி."

இலையை அரிந்து தீனியில் கலக்கச் சொல்கிறார். கூர்க்கை எனக்குத் தெரியாதா, சிறுகிழங்குதானே. பனியோடு பறிக்க வேண்டும், அதுதான் சூட்சுமம் என்று பிடித்துக்கொண்டேன்.

விடிகாலையில் கிழங்குப் பாத்தியில் இறங்கி, பனி சொட்டச் சொட்டத் தழை பறித்து, உதறாமல் அரிந்து போட்டேன். தீனி நனைந்து பூசணம் பிடித்தது. கோழிகள் கழிந்தன. பனி போதவில்லை என்று இன்னும் சீக்கிரம் போனேன்.

அவள் பார்த்துவிட்டாள். "ஏனுங்கக்கா, கெழங்குத் தழைய எதுக்குங்க பறிக்கறீங்க?"

"எங்கோழிக்கு நான் எதப் போட்டா உனக்கென்ன புள்ள?"

"கோழிக்குங்களா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மலையாளத்துல பனின்னா காய்ச்சலுங்கக்கா. பனிக்கூர்க்கன்னா நம்ம கற்பூரவல்லி. உங்க தொவைக்கற கல்லுப் பக்கத்துல பொதராட்டம் கெடக்குதுங்களே. நானே அங்கதானுங்க பறிக்கறேன்."

என் செடி. நான் நட்டது, நான் தண்ணீர் ஊற்றியது. அதைத் தின்றுதான் அவள் கோழிகள் கொழுத்திருக்கின்றன.

கொட்டாய்ச் சாவி அவள் இடுப்பில் ஏறியது. "உன்ற கைராசி ஆருக்கும் வராது அம்மிணி" என்று மாமனார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்றைக்கே கற்பூரவல்லியைச் சுற்றி முள் அடைத்தேன். அதற்குள் ஒரு கொப்பை ஒடித்துப் போய்த் தன் வாசலில் ஊன்றியிருந்தாள். அடுத்த மழைக்கு அது என்னுடையதைவிடப் பெரிதாகப் படர்ந்தது.